நான் தவறவிட்ட கரிநெருப்பு

‘என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா’ என்று பேதுருவிடம் இயேசு மூன்று முறை கேட்கும் யோவான் 21-ஐ வைத்து ஒருமுறை எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பேசினேன். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் எனக்கு அப்போது தெரியாது. ஒத்தவாக்கிய அகராதியில் (ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் நூல்) பார்த்த இரண்டு சொற்கள்தான் கையில் இருந்தன. முதல் இரண்டு கேள்விகளில் இயேசு சொல்வது அகபாவோ, அது தெய்வீக அன்பு. பேதுரு சொல்வது பிலேயோ, அது வெறும் நட்பு. மூன்றாவது கேள்வியில் இயேசுவும் பிலேயோவுக்கு இறங்கி வருகிறார். இப்படித்தான் விளக்கினேன். நம் தமிழ் வேதாகமத்திலேயே ‘அன்பாயிருக்கிறாயா’, ‘நேசிக்கிறேன்’ என்று இரண்டு சொற்கள் இருப்பதால் கேட்டவர்களுக்கும் அது உடனே பிடித்துப்போனது.

அப்புறம் கிரேக்க இலக்கணத்தை முறையாகப் படிக்கத் தொடங்கினேன். உயிரெழுத்தில் தொடங்கும் வினைகளுக்கு இறந்தகாலத்தில் அந்த முதல் எழுத்து நீளும் என்று ஒரு பாடம் வந்தது. அகபாவோ ‘ஏகபேசன்’ ஆகிவிடும், அதாவது ‘அன்புகூர்ந்தார்கள்’. இந்த விதி தெரியும்வரை அதே வினை பக்கம் பக்கமாகக் கண்முன் இருந்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்த பிறகு முதலில் இடறிய இடம் யோவான் 3:19. மனுஷர் ஒளியைவிட இருளை ‘விரும்புகிறதே’ என்று தமிழில் படிக்கிறோமே, அங்கே இருப்பது இந்த அகபாவோதான். பவுலின் உடன் ஊழியனாயிருந்த தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ‘ஆசைவைத்து’ப் பவுலை விட்டுப் போனதும் அகபாவோ (2 தீமோத்தேயு 4:10). பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், தாமாரைக் கெடுத்த அம்னோன் அவள்மேல் கொண்ட மோகத்துக்கும் இதே வினை. அந்த வசனத்தைப் பார்த்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மறுபக்கமும் அப்படித்தான். பிதா குமாரனில் அன்பாயிருப்பதை யோவான் 3:35-இல் அகபாவோ என்றும் 5:20-இல் பிலேயோ என்றும் யோவான் எழுதுகிறார். பிதாவின் அன்பை ‘வெறும் நட்பு’ என்று சொல்ல முடியுமா?

திரும்ப 21-க்கு வந்தேன். அந்த மூன்று வசனங்களில் ஆடுகளுக்கு இரண்டு சொற்கள், மேய்ப்பதற்கு இரண்டு, அறிவதற்கும் இரண்டு. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் மாற்றிச் சொல்வது யோவானின் நடை. அன்புக்கு மட்டும் அந்த மாற்றத்தில் ஒரு மறைபொருள் உண்டென்று நான் பிரித்தது சரியில்லை. இதில் என்னோடு ஒத்துப்போகாத நல்ல அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் பேதுரு துக்கப்பட்டதற்குக் காரணத்தை வசனமே சொல்லிவிடுகிறது: ‘மூன்றாந்தரம் தன்னைக் கேட்டபடியினாலே’. இயேசு பிடிபட்ட இரவில் பேதுரு அவரைத் தெரியாதென்று மறுதலித்ததும் மூன்று முறைதானே.

அதே அதிகாரத்தின் 9-ஆம் வசனத்தில் அந்த்ராகியா என்று ஒரு சொல் இருக்கிறது. கரியைப் போட்டு மூட்டிய நெருப்பு. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இந்தக் கடற்கரை, மீன் வைத்திருந்த நெருப்பு. இன்னொன்று யோவான் 18:18, பிரதான ஆசாரியனின் முற்றம். அந்த நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு நின்றபோதுதான், நீ இயேசுவின் சீஷனா என்று கேட்டவர்களிடம் பேதுரு ‘நான் அல்ல’ என்றான். அதே வாசனை, அதே கங்கு, திரும்பவும் மூன்று கேள்வி.

உடனே தமிழ் வேதாகமத்தை எடுத்து இரண்டு இடங்களையும் பார்த்தேன். இரண்டிலும் ‘கரிநெருப்பு’ என்றே இருக்கிறது. ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து நான் வாசித்துவந்த அதே பக்கங்கள்.