பிளாட்லாக்கில் இடது ஊசி மட்டும் தையல் விடுகிறது: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். திருப்பூரில் சிறிய யூனிட் நடத்துகிறேன். லைக்ரா (ரப்பர் போல இழுபடும் இழை) கலந்த சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி டி-ஷர்ட்டுக்குக் கீழ் மடிப்பு அடிக்கும்போது, இரண்டு ஊசி பிளாட்லாக் தையல் மெஷினில் தையல் விட்டுவிடுகிறது. எல்லா இடத்திலும் இல்லை. பக்கத் தையல் குறுக்கே வரும் அந்தத் தடித்த இடத்தைத் தாண்டியதும், இடது ஊசியில் மட்டும் இரண்டு, மூன்று தையல் காணாமல் போகிறது. சங்கிலித் தையல் என்பதால், துணியை இழுத்துப் பார்த்தாலே அங்கிருந்து உருவிக்கொண்டு வருகிறது.

ஊசியை மாற்றிவிட்டேன். 11ஆம் எண் பால்பாயிண்ட் (உருண்டை முனை ஊசி) போட்டிருக்கிறேன், ஊசியின் பின்பக்கக் குழிவு லூப்பர் (அடியில் ஊசி நூலைப் பிடிக்கும் கொக்கி) பக்கம் திரும்பியிருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. நூல் டென்ஷனைத் தளர்த்தினால் தையல் விடுவது குறைகிறது, ஆனால் மேலே நூல் தொளதொளவென்று நிற்கிறது. லூப்பர் முனையை நகத்தால் தடவினேன், பிசிர் எதுவும் தட்டவில்லை.

மெக்கானிக் லூப்பரை மாற்றச் சொல்கிறார், சூப்பர்வைசரோ டெய்லர் துணியை இழுக்கிறார் என்கிறார். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. இதே மெஷினில் லைக்ரா இல்லாத துணி சுத்தமாக ஓடுகிறதே!

லூப்பருக்கும் இடது ஊசிக்கும் இடைவெளி எவ்வளவு வைக்கிறீர்கள்? ஊசியை 9க்கு இறக்கலாமா, அல்லது துணியைப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தத்தில் கை வைக்கலாமா? லைக்ரா ஓட்டிய அனுபவம் உள்ள அண்ணன்மார் சொன்னால், இன்றிரவே மாற்றிப் பார்க்கிறேன்.