எம்ஜிபிக்கு 195/60 மாட்டிப் பட்ட பாடு

குரோம்_பம்பர்:
இரண்டு வருடமாகிறது, அந்தக் கருகல் வாடை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. வண்டி 1971 எம்ஜிபி ஜிடி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கம்பி ஸ்போக் வைத்த வயர் வீல், ரிம் 14 அங்குலம், கம்பெனியில் வந்த டயர் 165, அதாவது 165 மில்லிமீட்டர் அகலம். அகலமாகப் போட்டால் ரோட்டைக் கவ்வும் என்று டயர் கடையில் சொன்னார்கள், பார்க்கவும் கம்பீரமாக இருந்தது, 195/60 மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தனியாக ஓட்டியவரை ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான், அவர் பையன், இரண்டு பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லண்டன் ஹாரோவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு. ரவுண்டானாவில் வலது பக்கம் வளைக்கும்போதெல்லாம் பின்னால் சர்ர்ர் என்று சத்தம். பெட்டிதான் நகர்கிறது என்றார் மச்சான். இறங்கி இடது பின்டயரின் ஓரத்தில் கை வைத்தேன், சுட்டது. சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் சீவிப் போயிருந்தது, அரிவாள்மனையில் வாழைக்காய் சீவின மாதிரி. மேலே மட்கார்டு மடிப்பில் பெயின்ட் போய்த் தகரம் பளபளக்கிறது. இந்த டயரோடுதான் எம்40 மோட்டார்வேயில் மணிக்கு எழுபது மைலில் வந்திருக்கிறேன்.

பழைய_ஸ்பேனர்:
டயரை மட்டும் திட்டாதீர்கள் தம்பி. பின்னால் வண்டியைத் தாங்குகிற லீஃப் ஸ்பிரிங், அந்தப் பட்டை ஸ்பிரிங், ஐம்பது வருடம் உழைத்துத் தொய்ந்திருக்கும், ஆள் ஏறினால் உட்காரத்தான் செய்யும். என்னுடையது வேறு கதை. 165தான், டயர் பட்டன் அத்தனையும் புதுசு போல இருந்தது, மழையில் ஒரு சின்ன வளைவில் வண்டி சோப்பை மிதித்தாற்போல் போய்ப் புல்லில் நின்றது. வீட்டுக்கு வந்து பக்கவாட்டில் பார்த்தால் 1409. அதாவது 2009ஆம் வருடம், 14ஆவது வாரம். அந்த நாலு எண்ணைப் பார்க்காமல் அளவைப் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்?

கணக்குப்பிள்ளை:
ஸ்பேனர் அண்ணா, ஸ்பிரிங்கை மாற்றினாலும் 195 அங்கே உரசும். நானும் போட்டிருந்தேன், பார்க்கிங்கில் ஸ்டீயரிங் திருப்பித் தோள் வலித்ததுதான் மிச்சம். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் உயரம் இல்லை, அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. பழைய 165இல் அந்த எண்ணே இருக்காது, 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 165இல் 80 சதவீதம் 132, மேலும் கீழுமாக 264, 14 அங்குல ரிம் 356 சேர்த்தால் 620 மில்லிமீட்டர். 195/60க்கு இதே கணக்கு 590. முப்பது மில்லிமீட்டர் போச்சு, வண்டி பதினைந்து இறங்கிவிடும், ஸ்பீடோமீட்டர் 70 காட்டும்போது நிஜத்தில் 67கூட இருக்காது, இன்ஜின் மட்டும் வீணாகக் கத்தும். 185/70 என்றால் 615, ஏறக்குறைய பழைய உயரம். அதைவிட முக்கியம் ரிம். வயர் வீல் நாலரை அங்குலம், 195/60க்கு ஐந்தரையாவது வேண்டும். குறுகிய ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர் பிதுங்கி, வளைவில் வண்டி கொழகொழவென்று ஆடும். இன்னொன்று, ஸ்போக் ரிம்முக்குள் ட்யூப் போட்டே ஆகவேண்டும், ட்யூப்லெஸ் டயர் சிலவற்றில் உள்பக்கம் வரிவரியாக இருக்கும், அது ட்யூபை அரித்துவிடும், மாட்டுவதற்கு முன் உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள்.

குரோம்_பம்பர்:
ஸ்பிரிங்கும் மாற்றினேன் அண்ணா, அப்புறமும் லேசாக உரசியது. இப்போது 165. ஒல்லிக்கால் வண்டி என்று வீட்டில் கிண்டல், ஆனால் ஸ்டீயரிங் ஒற்றைக் கையில் திரும்புகிறது. அந்த 195இல் மூன்று டயர் என் கராஜில் கிடக்கிறது, அகல ரிம் வைத்திருப்பவர் யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவதைத் தரமாட்டேன்.