கண்ணாடி விரியன் கடி: 20 நிமிட ரத்தச் சோதனையில் பார்த்தவை

லேப் டெக்னீஷியன்:
விஷத்தால் ரத்தம் உறையும் தன்மை கெட்டுவிட்டதா என்று பார்க்கும் சோதனை இது. மெஷின் எதுவும் வேண்டாம். புது, காய்ந்த கண்ணாடி டெஸ்ட் ட்யூப். சிரையிலிருந்து எடுத்த ரத்தம் 2 மி.லி. ஸ்டாண்டில் வைத்து 20 நிமிடம் தொடவே கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். உறைந்திருந்தால் கட்டி அடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் ரத்தம் தண்ணீராகச் சுவரில் ஓடும்.

சோதனை கெடுவது பெரும்பாலும் ட்யூபால்தான். கண்ணாடி பட்டால் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் (காரணிகள்) ஒன்றான 12ஆம் காரணி விழித்துக்கொண்டு உறைதலைத் தொடங்கும். பிளாஸ்டிக்கில் அது நடக்காது. சோப்புத்தூளில் கழுவிய கண்ணாடியும் அப்படியே. நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று, தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறிவிடும். ஊதா மூடி ட்யூபை எடுக்கவே எடுக்காதீர்கள், அதில் உறையவிடாத மருந்து இருக்கிறது. சந்தேகம் வந்தால் பாம்பு கடிக்காத ஒருவரின் ரத்தத்தை அதே பெட்டி ட்யூபில் விட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

அவசர சிகிச்சை மருத்துவர்:
விஷம் ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சாதாரணமாக வெட்டுப்பட்ட இடத்தில்தான் உறையும் வேலை தொடங்கும். தட்டணுக்கள் ஒட்டும். திசுக் காரணியும் 7ஆம் காரணியும் சேர்ந்து 10ஆம் காரணியை எழுப்பும். 10ம் 5ம் சேர்ந்து த்ராம்பின் என்ற நொதியை உண்டாக்க, அது ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை நூலாக்கும். 13ஆம் காரணி அந்த நூல்களை முடிச்சுப் போட்டு இறுக்கும். காயம் ஆற ஆற பிளாஸ்மின் என்ற நொதி வந்து இந்த நூல் வலையை அறுக்கும்.

கண்ணாடி விரியன் விஷம் காயம் எதற்கும் காத்திருக்காது. உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்திலேயே 10ஐயும் 5ஐயும் நேராகத் தூண்டிவிடும். சுருட்டை விரியன் விஷம் இன்னும் ஒரு படி தாண்டி த்ராம்பினாக மாறும் புரோத்ராம்பினையே பிடிக்கும். டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மி.கி. வரை இருக்க வேண்டிய ஃபைப்ரினோஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். உண்டாகும் நூலையும் பிளாஸ்மின் உடனுக்குடன் அறுத்துவிடுவதால் டி-டைமர் (அறுந்த நூல் துண்டுகளின் அளவு) எகிறி நிற்கும். ட்யூபில் உறைய மிச்சம் ஒன்றுமில்லை. அதனால்தான் விஷத்தை முறிக்காமல் முதலில் பிளாஸ்மா (உறையவைக்கும் காரணிகள் உள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றுவது எரிகிற அடுப்புக்கு விறகு போடுவது. உறைதலைத் தடுக்கும் மருந்தான ஹெப்பரினும் உதவாது.

ஸ்டாஃப் நர்ஸ்:
உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து 10 குப்பி. குப்பிக்கு 10 மி.லி. கிருமி நீக்கிய நீர் விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்கணும், குலுக்கினால் நுரைத்துவிடும். சலைனில் கலந்து 1 மணி நேரத்தில் ஏறணும். ஒவ்வாமை வந்தால் போட, அட்ரினலின் 0.5 மி.கி. சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்கட்டும். குழந்தைக்கும் விஷமுறிவு மருந்தின் அளவு அதேதான், பாம்பு செலுத்தும் விஷம் ஆளைப் பார்த்துக் குறையாதே. (இந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள், மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்.)

அடுத்த சோதனை 6 மணி நேரம் கழித்து. மருந்து விஷத்தைப் பிடிக்கும், அவ்வளவுதான். ஃபைப்ரினோஜனைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்யணும், அதற்கு அந்த நேரம் ஆகும். ஒரு மணி நேரத்திலேயே பார்த்து இன்னும் 10 குப்பி ஏற்றினால் அது வீண்.

லேப் டெக்னீஷியன்:
முதல் ட்யூப் உறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முதல் 3 மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு மணிக்கு ஒரு தடவை. ரத்தம் விட்ட நேரத்தை ட்யூபின் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். ஷிஃப்ட் மாறும்போது ஸ்டாண்டில் நேரம் எழுதாத ட்யூப் இருந்தால், கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டியதுதான்.