நாரி எலும்பைப் பிணைக்கும் சத்திரசிகிச்சை: செய்வதா, விடுவதா?

கேள்வி (எழுதியவர்: படுவான்கரை ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. களுவாஞ்சிக்குடியிலிருந்து படுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலைக்கு ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். பெரும்போகத்தில் அப்பா விட்டுச் சென்ற மூன்று ஏக்கர் வயலையும் நானே பார்க்கிறேன். ஆறு வருடங்களாக எனக்கு நாரி நோ இருக்கிறது. தொடக்கத்தில் விதைப்புக் காலத்தில் வந்து அறுவடைக்கு முன்பே போய்விடும். கடந்த இரண்டு வருடங்களாக அது போகவேயில்லை. கரும்பலகையில் இருபது நிமிடம் தொடர்ந்து எழுதினால், மற்றக் கையை மேசையில் ஊன்றாமல் நிற்க முடிவதில்லை. சில நாட்களில் இடது தொடையின் பின்புறம் ஓர் இழுவை வரும். அது முழங்காலுக்குக் கீழே இறங்குவதில்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கானில் எல் 4 - எல் 5 இடைத்தட்டு, அதாவது நாரியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள தட்டு, தேய்ந்து, சற்றுப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். கொழும்பில் தனியாராகக் காட்டிய நிபுணர், அந்த இரண்டு முள்ளெலும்புகளையும் திருகாணியும் கம்பியும் வைத்துப் பிணைத்துவிட்டால் நிரந்தரத் தீர்வு கிடைக்கும் என்கிறார். அரசாங்க வைத்தியசாலை கிளினிக்கில் பார்த்த நிபுணரோ இப்போதைக்குத் தேவையில்லை என்று சொல்லி மருந்து எழுதித் தந்தார். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் கட்டியும் பார்த்தாகிவிட்டது. மனைவி, மகளின் உயர்தரப் பரீட்சைக்கு முன்னர் இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவரச் சொல்கிறார். இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்களும், விவரம் தெரிந்தவர்களும் எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (எழுதியவர்: மட்டுநகர் இயன்மருத்துவர்)

சேர், உங்கள் உடலைப் பார்க்காமல் செய்யுங்கள் என்றோ விடுங்கள் என்றோ நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: அந்தச் சத்திரசிகிச்சை உங்கள் முதுகில் எந்தப் பழுதைச் சரிசெய்யப் போகிறது? எலும்பைப் பிணைப்பது நோவுக்கான பொதுவான மருந்து அன்று. அசையக்கூடாத அளவுக்கு அசைகின்ற, அல்லது இடம்விட்டு நழுவுகின்ற எலும்பை நிறுத்துவதற்கான வழி அது. 1911இல் நியூயோர்க்கில் ஹிப்ஸும் அல்பீயும் தனித்தனியே இதனைத் தொடங்கியபோதும், முதன்மையாகக் காசநோயால் முள்ளெலும்பு சிதைந்து முதுகு கூனிப்போனவர்களுக்காகவே செய்தார்கள். எலும்பு முறிவு, கட்டி, கிருமித் தொற்று, நரம்பை நெரிக்கும் எலும்பு நழுவல் ஆகியவற்றில் இன்றும் அதற்கு உரிய இடம் உண்டு. உங்களுக்கு அவற்றில் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. தேய்ந்த தட்டு ஒன்றைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள்.

தேய்ந்த தட்டு என்பது ஸ்கான் அறிக்கையில் வாசிக்கும்போது பயமுறுத்துகின்ற சொல். நோவே இல்லாத 3110 பேரின் ஸ்கான்களைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, இருபது வயதினரில் 37 சதவீதமானோருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதமானோருக்கும் இந்தத் தேய்வு இருந்ததைக் காட்டியது. தலை நரைப்பதைப் போலத் தட்டும் தேய்கிறது. ஆகவே, படத்தில் தெரியும் அந்தத் தட்டுத்தான் உங்கள் நோவைத் தருகிறது என்று உறுதியாகச் சொல்வது கடினம். பிணைத்த பின்பும் நோ மிஞ்சுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

தேய்வுக்காக மட்டும் பிணைப்பதைப் பற்றிய ஆய்வுகளை வாசிக்கும்போது, எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 2001இல் சுவீடனில் வழக்கமான இயன்மருத்துவத்தோடு ஒப்பிட்டார்கள்; சத்திரசிகிச்சை வென்றது. 2003இல் நோர்வேயிலும் 2005இல் பிரித்தானியாவிலும், உடற்பயிற்சியோடு நோவைப் பற்றிய பயத்தையும் தெளிவிக்கும் தீவிரமான பயிற்சித் திட்டத்தோடு ஒப்பிட்டார்கள். அங்கே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இதன் பின்னர் 2016இல், சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரித்தானிய நைஸ் (NICE) நிறுவனம், வெறும் நாரி நோவுக்கு இந்தச் சிகிச்சையை ஆய்வின் பகுதியாக அன்றி வழங்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

நிற்கும்போதும், முன்னால் குனிந்தும் பின்னால் வளைந்தும் எக்ஸ்றே எடுத்தீர்களா? எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுக்கப்படுவதால் நழுவல் சில வேளைகளில் அதில் ஒளிந்துவிடும். எலும்பு உண்மையிலேயே நழுவுகிறது என்றால் நான் மேலே எழுதியது பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று: சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால் அல்லது சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனால், தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால், கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மறுமொழி 2 (எழுதியவர்: அக்கரைப்பற்று வியாபாரி)

தம்பி, நான் 2019இல் கண்டியில் செய்துகொண்டவன். அப்போது எனக்கு வயது 52. இரும்புக் கடையில் ஐம்பது கிலோ சீமெந்துப் பையைப் பல வருடம் தோளில் ஏற்றி இறக்கியவன் என்றாலும், அதனால்தான் வந்தது என்று வைத்தியர் சொல்லவில்லை. எனக்கு இருந்தது நீங்கள் சொல்லும் நோ அன்று. எல் 5 எலும்பு முன்னால் நழுவி நரம்பை நெரித்தது. பள்ளிவாசலுக்கு நடந்தால் வழியில் இரண்டு இடத்தில் மதிலில் சாய்ந்து நிற்க வேண்டியிருந்தது. காலின் பெருவிரல் வரைக்கும் நெருப்புப் பட்டதைப் போல எரியும்.

நான்கு திருகாணி, இரண்டு கம்பி, இடுப்பு எலும்பிலிருந்து சீவி எடுத்த எலும்புத் துண்டுகள். கால் எரிவு மறுநாளே இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எலும்பு சீவிய இடுப்பு, முதுகு வெட்டைவிட அதிக நாள் நொந்ததை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. திருகாணி எலும்பை ஒட்டவைப்பதில்லை, ஒட்டும்வரை பிடித்து வைத்திருக்கிறது என்று நிபுணர் விளங்கப்படுத்தினார். ஒட்டுவதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை எடுக்கும். புகைத்தால் ஒட்டாமலே போகலாம் என்றதால் இருபத்தைந்து வருடச் சிகரெட்டை விட்டேன். டைக்ளோபெனாக் வகை நோ மாத்திரைகளையும் சில மாதம் தொட விடவில்லை. வீட்டுக்கு வரும்போது வேனில் பின் ஆசனத்தைக் கழற்றி மெத்தை போட்டுப் படுத்துத்தான் வந்தேன்; மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் ஒவ்வொரு வளைவையும் எண்ணினேன்.

இன்றைக்கு நன்றாக நடக்கிறேன். நாரி நோ முழுவதும் போகவில்லை. விடியற்காலையில் பலகையைக் கட்டிவைத்ததைப் போல இறுகிக் கிடக்கும். சுஜூது செய்யக் குனிய முடியாததால் கதிரையில் இருந்துதான் தொழுகிறேன். போன வருட ஸ்கானில் மேலே உள்ள எல் 4 - எல் 5 தட்டு தேயத் தொடங்கியிருக்கிறது. பிணைத்த மூட்டு அசையாததால் அதன் சுமை பக்கத்து மூட்டில் விழுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும், காலுக்காக நான் மறுபடியும் செய்வேன். நாரி நோவுக்காக மட்டும் என்றால் செய்திருக்க மாட்டேன்.

மறுமொழி 3 (எழுதியவர்: செங்கலடி மகள்)

இயன்மருத்துவர் எழுதியது சரியாக இருக்கலாம். ஆனால் பிரித்தானிய ஆய்வில் அந்தப் பயிற்சியை மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஏறத்தாழ 75 மணித்தியாலம் கொடுத்தார்கள் என்று வாசித்தேன். என் அம்மாவுக்குக் கிடைத்தது மாதத்துக்கு ஒரு தடவை, கால் மணித்தியாலம் சூடு பிடிப்பதும் ஒரு தாளில் அச்சடித்த நான்கு படங்களும். அதைச் செய்துவிட்டு "பயிற்சியும் பலிக்கவில்லை" என்று சொல்லி எத்தனை பேர் கத்திக்குப் போகிறார்கள்? இல்லாத ஒன்றைக் காட்டி மனிதரைக் காத்திருக்கச் சொல்வது நியாயமா?

மறுமொழி 4 (எழுதியவர்: மட்டுநகர் இயன்மருத்துவர்)

நியாயமான கோபம், தங்கச்சி. அந்தத் திட்டம் அப்படியே இங்கு எளிதில் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் சாரம் இயந்திரத்தில் இல்லை: நொந்தாலும் அசைவது தீங்கில்லை என்று அறிந்து, கூட்டிக் குறைக்காமல், கிழமைக்குக் கிழமை சிறிது ஏற்றுவதில் இருக்கிறது. சேர் இன்று பத்து நிமிடம் நடக்க முடிந்தால் ஒரு கிழமைக்குப் பத்து நிமிடமே நடக்கட்டும், நல்ல நாளிலும் அதற்கு மேல் வேண்டாம். அடுத்த கிழமை பன்னிரண்டு. நல்ல நாளில் வயலுக்குப் போய் நாள் முழுக்கக் குனிந்துவிட்டு மூன்று நாள் படுப்பதைத்தான் இங்கு அதிகமாகக் காண்கிறேன்.

கேள்வி கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. அந்தக் கடைசி வசனம் என்னைப் பார்த்து எழுதியதைப் போலவே இருந்தது. குனிந்து வளைந்து எடுக்கும் எக்ஸ்றே எனக்கு ஒருபோதும் எடுக்கப்படவில்லை என்பது அறிக்கைகளைத் திரும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அடுத்த கிளினிக்கில் அதைக் கேட்கிறேன். நழுவல் இருந்தால் அந்தப் படத்தோடு மறுபடியும் கொழும்புக்குப் போவேன். இல்லையென்றால் எந்தப் பழுதுக்காகத் திருகாணி என்று அந்த நிபுணரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, சத்திரசிகிச்சையைப் பின்போடுவேன். வெற்றிலையோடு புகையிலை போடுவதையும் மனைவியிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. இந்தப் பெரும்போகத்துக்கு வயலை மச்சானிடம் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்று மாலை களுவாஞ்சிக்குடிக் கடற்கரையில் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பத்து நிமிடம் நடந்தேன்.