வொல்கா பீட்ஸில திஸ்ரம் வராதாம்!

கனகராயன்ஆறு:
முறிகண்டிச்சந்தி நேற்று எழுதினது இதுதான்: வொல்கா பீட்ஸ் எண்ட சின்ன மின்சார மேளப் பெட்டியில 16 ஸ்டெப்தான் (ஸ்டெப் எண்டால் ஒரு சத்தம் வைக்கிற இடம்), எங்கட கோயில் தவிலின்ர திஸ்ர நடை, மூண்டு மூண்டாய் எண்ணுறது, அதில ஏறாது, புதுசாத் தொடங்கிற பெடியள் லப்டொப் வாங்கட்டும். முழுப் பிழை. ஃபங்க் பட்டனை அமத்திக்கொண்டு அக்டிவ் ஸ்டெப்பைத் தட்டி, 13 தொடக்கம் 16 வரை நாலையும் அணையுங்கோ. பெட்டி 12இல முடிச்சு ஒண்டுக்குத் திரும்பும். மூண்டு மூண்டாய் நாலு அடி. தவிலின்ர தாழ்ந்த தொனிப் பக்கமான தொப்பிக்கு லோ டொம் சத்தம், உயர்ந்த தொனிப் பக்கமான வலந்தலைக்கு ஹை டொம் சத்தம், டிகேயை, அதாவது சத்தம் இழுபடுற நேரத்தை, குறைச்சு வையுங்கோ.

முறிகண்டிச்சந்தி:
பெட்டியில 16 பட்டன் இருக்கோ இல்லையோ? அதுக்கு முதல் பதில் சொல்லும். நாலை அணைச்சுப் போட்டுத் திஸ்ரம் எண்டால், வேகம் கூடி ஓடுமே, அது தெரியாதோ?

கனகராயன்ஆறு:
ஓடும். வேகத்தை 120இல, அதாவது நிமிசத்துக்கு 120 அடியில, விட்டால் 160 அடி மாதிரிக் கேக்கும். பெட்டி நாலு ஸ்டெப்பை ஒரு அடியாக எண்ணுது, நாங்கள் மூண்டை எண்ணுறம். 120 வேணுமெண்டால் 90இல வையுங்கோ. முக்கால் பங்கு, அவ்வளவுதான் கணக்கு.

முறிகண்டிச்சந்தி:
90 எண்டு காட்டிற பெட்டி 120 அடிக்குதாம்! நல்ல கணக்கு. 16 பட்டன்தானே?

வவுனிக்குளத்தான்:
ரெண்டு பேரும் கரண்டை மறந்திட்டியள். கிற்றார் பெடலின்ர 9 வோல்ட் அடப்டரைச் செருகாதேங்கோ. அதில நடு முனை மைனஸ், வொல்காவுக்கு நடு பிளஸ். கரண்ட் போற இடமெண்டால் ஆறு டபிள் ஏ பற்றரி போதும்.

கனகராயன்ஆறு:
அடப்டர் கதை வேற திரியில, தம்பி. இங்க 12 ஸ்டெப்.

பரந்தன்காரன்:
12 சரி. பக்கத்தில வொல்கா பேஸ் எண்ட அடித்தொனிப் பெட்டியை, ரெண்டையும் ஒரே வேகத்தில ஓட்டிற சிங் வயரில கொழுவி அதை 16இல விட்டால்? முதல் அடி 48 ஸ்டெப்புக்கு ஒருக்காத்தான் சேரும். தவில் ஒரு பக்கம், பேஸ் ஒரு பக்கம்.

கனகராயன்ஆறு:
பேஸிலயும் அதே நாலை அணையுங்கோ. கை நோகுமோ?

முறிகண்டிச்சந்தி:
பாத்தியளோ, ஒவ்வொரு பெட்டியிலயும் நாலு நாலாய் அணைக்கவேணும். லப்டொப்பில ஒருக்கா 12/8, அதாவது மூண்டு மூண்டாய் நாலு அடி, எண்டு போட்டால் முடிஞ்சுது. போன மாசம் குழாய் ஸ்பீக்கரில கிக் எண்ட பெரிய மேள அடி கேக்கும் எண்டு சண்டை பிடிச்ச ஆளும் நீர்தானே.

கனகராயன்ஆறு:
குழாயில அடித்தொனி வராது, கிக்கின்ர தொடக்கத்தில வாற கிளிக் சத்தத்தைக் கூட்டினால் அது கேக்கும் எண்டுதான் சொன்னனான். இப்பவும் அதைத்தான் சொல்லுறன். லப்டொப்பின்ர விலையைச் சொல்லும், பாப்பம்.

முறிகண்டிச்சந்தி:
விலையை விடும். 16 பட்டனோ இல்லையோ?

கனகராயன்ஆறு:
16 பட்டன், 12 ஸ்டெப். நாலை அணையும்.