பிட்டுமெனும் தாரும் ஒன்றா?

கேள்வி:
சாலை போடும்போது உருக்கி ஊற்றப்படும் கரிய பொருளைத் தார் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நூல்களோ அதைப் பிட்டுமென் என்கின்றன. இரண்டும் ஒன்றுதானா, அது எவ்வாறு கிடைக்கிறது என்று யாரேனும் விளக்க முடியுமா?

மறுமொழி 1:
இரண்டும் வேறு. தார் என்பது நிலக்கரியைக் காற்றுப்படாமல் சூடாக்கிக் கல்கரி (கோக்) எடுக்கும்போது கிடைக்கும் துணைப்பொருள். பிட்டுமெனோ கச்சா எண்ணெயின் அடிமண்டி: பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவை ஆவியாகிப் பிரிந்தபின் எஞ்சுவதை, மேலும் சூடேற்றினால் அதன் மூலக்கூறுகள் சிதைந்துவிடும் என்பதால், அழுத்தம் குறைக்கப்பட்ட கோபுரத்தில் மறுபடியும் வடித்த பிறகு அடியில் தங்கும் கெட்டியான பொருளே அது. எல்லாக் கச்சா எண்ணெயும் இதற்கு ஏற்றதன்று. அடர்த்தி மிக்கதே நல்லது.

மறுமொழி 2:
கரீபியன் தீவான டிரினிடாடின் பிட்ச் ஏரியில் பிட்டுமென் இயற்கையாகவே கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சாலைக் கலவையின் எடையில் சுமார் 5 விழுக்காடுதான் பிட்டுமென். மீதியெல்லாம் ஜல்லியும் மணலும் கல்தூளும். ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் கலந்து, ஆறுவதற்குள் பரப்பி, ரோலரால் அழுத்த வேண்டும்.

மறுமொழி 3:
கூரையில் நீர்க்கசிவைத் தடுக்கப் பயன்படுவது, சூடான பிட்டுமெனுக்குள் காற்றைச் செலுத்திக் கடினமாக்கிய வகை. அது வெயிலில் எளிதில் இளகாது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்திலும் நீர் கசியாதிருக்க இயற்கைப் பிட்டுமெனைத்தான் பூசியிருந்தார்கள்.