குக்கர் வாங்கியது அவனுக்கு எப்படித் தெரியும்?

குழு: வடசேரி வீட்டுச் சொந்தங்கள்

லில்லி சித்தி: எல்லாரும் இதைக் கொஞ்சம் படியுங்கள். காலையில் ஒரு பையன் போன் பண்ணினான். "அக்கா, நீங்க ஆர்டர் பண்ணின அஞ்சு லிட்டர் குக்கர் தக்கலை வரை வந்தாச்சு, வீடு தெரியல, டெலிவரி பையன்கிட்ட பேச நான் சொல்ற நம்பரை அழுத்துங்க" என்றான். ஸ்டார் 21 ஸ்டார், பிறகு பத்து இலக்க எண், கடைசியில் ஹேஷ். அழுத்திவிட்டேன். என் பெயர், வீட்டுப் பெயர், குக்கரின் விலை வரை சரியாகச் சொல்கிறான், அப்புறம் எப்படி நம்பாமல் இருக்க?

ஜெபின்: சித்தி, முதலில் ##002# அழுத்திக் கால் பண்ணுங்கள், கால் பார்வர்டிங் எல்லாம் நின்றுவிடும். இப்போதே.

லில்லி சித்தி: பண்ணிவிட்டேன். இங்கிலீஷில் ஏதோ வந்து போனது.

ஜெபின்: சரி, இனி *#21# போட்டுப் பாருங்கள், பார்வர்டிங் இல்லை என்று காட்ட வேண்டும். அவன் தந்தது டெலிவரி பையனின் நம்பர் இல்லை. அதை அழுத்தினால் உங்களுக்கு வருகிற கால் எல்லாம் அவன் போனுக்குப் போய்விடும். வாட்ஸ்அப் ஓடிபியைக் கால் மூலமாகவும் சொல்லும் அல்லவா, அதைப் பிடிக்கத்தான் இந்த வேலை. வாட்ஸ்அப் செட்டிங்கில் டூ ஸ்டெப் வெரிபிகேஷன் போட்டுவிடுங்கள், ஓடிபியோடு நீங்கள் வைக்கிற ரகசிய எண்ணையும் கேட்கும். பேங்கில் பணம் குறைந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

லில்லி சித்தி: பணம் போகவில்லை, பார்த்துவிட்டேன். மனது கேட்க மாட்டேன் என்கிறது மக்கா. நான் வாங்கியது அவனுக்கு எப்படித் தெரியும்? தனியாக இருக்கிறேன், கேட்டில் சத்தம் கேட்டாலே திடுக்கென்கிறது.

செல்வராஜ் மாமா: நீ பார்சல் கவரை அப்படியே குப்பையில் போடுவாய் லில்லி, நானே பார்த்திருக்கிறேன். பெயர், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும்.

ஜெபின்: அது நல்ல பழக்கம் இல்லைதான் மாமா, ஆனால் இந்தக் குக்கர் இன்னும் வீட்டுக்கே வரவில்லையே. விற்றவர், கிடங்கு, கூரியர் என்று பல கைகளுக்குப் போகிறது, எந்தக் கையிலிருந்து கசிந்தது என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது, எனக்கு அதுதான் கோபம். கார்டு நம்பரைக் கடைகள் சேமித்து வைக்கக் கூடாது என்று 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. ஆனால் நம் முகவரியும் போன் நம்பரும் எத்தனை பேர் கம்ப்யூட்டரில் கிடக்கிறதோ.

செல்வராஜ் மாமா: சட்டம் வந்ததாகச் சொன்னார்களே?

ஜெபின்: ஆமாம், தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கிற சட்டம் 2023-இல் வந்தது. பாதுகாப்பு இல்லாமல் தகவலைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான பகுதிகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம்.

பிரேமா மைனி: அனிஷா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ ஏத்தங்காய் சிப்ஸ் அனுப்பும்போது பார்சலைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறாயே, நேற்று வைத்ததில் முகவரி, நம்பர் இரண்டும் தெளிவாகத் தெரிந்தது.

அனிஷா: ஐயோ மைனி. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்றுதான் போடுகிறேன், நான் ஏமாற்றுக்காரி இல்லை, பொருள் உண்மையிலேயே போகிறது என்று தெரிய வேண்டுமே. அந்த நம்பிக்கைக்கு இன்னொருவருடைய வீட்டு முகவரியைக் காட்டுகிறேன் என்று இன்றுவரை தோன்றவில்லை. இப்போதே எடுத்துவிடுகிறேன்.

ஜெபின்: உன் கஸ்டமர் குரூப்பையும் பார். 60 பேரும் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்க முடியும்.

அனிஷா: ஆமாம் அண்ணா. ஆசாரிபள்ளத்தில் ஒரு அக்கா, யாரோ ராத்திரியில் மெசேஜ் அனுப்பித் தொந்தரவு செய்கிறார் என்று சொல்லிக் குரூப்பைவிட்டுப் போனார். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜெபின்: பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள். உன் நம்பரைச் சேமித்தவர்களுக்கு மட்டும் போகும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பழைய ஆர்டர்களின் முகவரிகளையும் அழித்துவிடு.

லில்லி சித்தி: நானும் பழைய கவர்களில் இருந்த ஸ்டிக்கரை எல்லாம் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். *#21# போட்டுப் பார்த்தேன், பார்வர்டிங் இல்லை.

அனிஷா: குரூப்பை மூடப்போகிறேன் என்று எல்லாருக்கும் எழுதிவிட்டேன். அந்த ஆசாரிபள்ளம் அக்காவிடம் மட்டும் மெசேஜில் சொல்ல மனது வரவில்லை, சனிக்கிழமை நேரில் போய்ச் சொல்கிறேன்.